உடம்பு வைத்தால் கவலை இல்லை என்று அர்த்தமா?

கடந்த வருடம் வலிகாமத்திலுள்ள ஒரு கிராமத்திற்கு வீட்டுத் தரிசிப்பிற்காகச் சென்றிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்த அக்கா ஒருவர் முழங்காலைப் பிடித்தபடி திண்ணையில் இருந்தார். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாகவும், நிறையைக் குறைக்க வேண்டும் என்றும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

"தங்கச்சி, நான் ஒழுங்காச் சாப்பிடுறதே இல்லை. சனம் என்ன சொல்லுது தெரியுமே? மனுசன் இல்லாட்டியும் உடம்பு வைச்சிட்டாள், இவளுக்கென்ன கவலை எண்டு" என்று கண்கலங்கினார்.

அன்புச் சகோதரிகளே, இந்தப் பேச்சு எம்மில் பலரின் காதில் விழுந்ததுதான். உடற்பருமன் கவலையின்மையின் அடையாளமல்ல. சில வேளைகளில் கவலையே அதற்குக் காரணமாகிறது.

அக்காவின் ஒரு நாளை இருவருமாக எழுதிப் பார்த்தோம். காலையில் சாப்பாடு இல்லை. மதியம் இரண்டு மணிக்குப் பெரிய கோப்பைச் சோறு. இரவு, பிள்ளைகள் மிச்சம் விட்ட புட்டு. இடையில் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. மொத்தம் 15 தேக்கரண்டி! நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 தேக்கரண்டிக்குள் இருப்பதே நல்லது என உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது.

இதில் அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. இடம்பெயர்ந்த காலங்களில் நிவாரணமாகக் கிடைத்தவை பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு. பசியை அறிந்தவருக்கு மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராது. எரிபொருள் தடை இருந்த 1990களின் முற்பகுதியில் எமது பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் சைக்கிளில்தான் போனார்கள். இன்று பல வீடுகளில் ஸ்கூட்டி நிற்கிறது. உழைப்பு குறைந்தது, சாப்பாடு மாறவில்லை.

அதிக நிறையால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பாரிசவாதம், முழங்கால் தேய்வு என்பன வரும் வாய்ப்புக் கூடுகிறது. கருப்பைப் புற்றுநோய்க்கும், மாதவிடாய் நின்ற பின் மார்பகப் புற்றுநோய்க்கும் இது ஒரு காரணி. செயற்கைக் கால் பொருத்திய சகோதரிகளுக்கு நிறை கூடினால் கால் சரியாகப் பொருந்தாமல் புண் ஏற்படலாம்.

உங்கள் நிலையை நீங்களே அறியலாம். தையல் நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் கவனம் தேவை. ஐந்தடி உயரமானவருக்கு நிறை 53 கிலோவைத் தாண்டினால் ஆபத்துக் கூடத் தொடங்குகிறது. 63 கிலோவைத் தாண்டினால் அது அதிகம்.

பட்டினி கிடக்க வேண்டாம். காலையில் சாப்பிடுங்கள். சோற்றைக் குறைத்து முருங்கையிலை, வல்லாரை, பயறு, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். தேநீரில் சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள். பனங்கட்டியும் இனிப்புத்தான் என்பதை மறவாதீர்கள். நாளுக்கு அரை மணி நேரம் நடவுங்கள். நிறையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. மனநலத்திற்கான சில மருந்துகளாலும் நிறை கூடலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

35 வயதைக் கடந்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். 1996இல் ஆரம்பிக்கப்பட்ட இச்சேவை இலவசமானது.

தனியே நடந்தால் ஊர் கதைக்கும் என்று அக்கா தயங்கினார். அயலிலுள்ள மூவரைச் சேர்த்துவிட்டேன். நால்வரும் விடியற்காலையில் கோயிலடி வரை போய்வந்தார்கள். நான்கு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. முழங்கால் நோவும் தணிந்தது.

"இப்ப சனம் என்ன சொல்லுது அக்கா?" என்று கேட்டேன்.

"மெலிஞ்சு போனாள், என்ன வருத்தமோ எண்டுது" என்று சிரித்தார்.

ஊர்வாயை எம்மால் மூட முடியாது, சகோதரிகளே. பிள்ளைகளுக்காக இத்தனையையும் தாங்கிய எமது உடம்பைப் பார்த்துக்கொள்ள எம்மால் முடியும்.