அல்லிநகரத்தைத் தேடும் கணிப்பொறி

அகராதியில் ‘அல்லி’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அரை நிமிடம் போதும். அதே அகராதியில் ‘நகரம்’ என்று முடியும் சொற்களையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னால்? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரி விடாமல் படிக்கவேண்டியதுதான். பெரிய தரவுத்தளங்களில் சொல் தேடுவது சில வேளைகளில் ஆமை வேகமாவது இதனால்தான்.

ஒரு கோடி முகவரிகள் கொண்ட அட்டவணை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அலுவலகத்துக்கு வந்த முதியவர் தம் ஊர் அல்லிநகரம் என்கிறார். எழுத்தர் அப்படியே தட்டுகிறார், கிடைக்கவில்லை. நகராட்சியின் பெயர் ‘தேனி அல்லிநகரம்’ அல்லவா? எனவே ‘எதுவும் இருக்கலாம்’ என்று பொருள்படும் % குறியைச் சொல்லின் முன்னும் பின்னும் இட்டுத் தேடுகிறார். இம்முறை கிடைக்கிறது, ஆனால் அதற்குள் முதியவருக்குக் கால் கடுத்துவிடுகிறது.

என்ன நடந்தது? பதிவுகளை விரைவாக எட்டுவதற்குப் ‘பி-மரம்’ என்ற அடைவு உதவுகிறது. போயிங் ஆய்வுக்கூடத்தில் பேயரும் மெக்கிரைட்டும் 1970-இல் உருவாக்கியது இது. கணுவுக்கு 100 கிளைகள் என்றால், நான்கே தாவலில் 10 கோடிப் பதிவுகளுள் ஒன்றை எட்டலாம். ஆனால் எந்தக் கிளையில் இறங்குவது என்பதைச் சொல்லின் தொடக்கந்தான் காட்டும். தொடக்கத்திலேயே % நின்றால் கணிப்பொறி ஒரு கோடி வரிகளையும் படிக்கும்.

ஆகவே இயந்திரத்தைக் குறை கூறாதீர்கள். தேடல் கட்டளைக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்று இட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ‘சீக் ஸ்கேன்’ என்று விடை வந்தால், அடைவு பயன்படவில்லை என்று பொருள்.

சொல்லின் முடிவு மட்டும் தெரியுமா? ஆண்டிபட்டி, கோடாங்கிபட்டி, பழனிசெட்டிபட்டி என்று தேனி வட்டாரத்தில் ‘பட்டி’களுக்குப் பஞ்சமில்லை. பெயர்களைத் தலைகீழாகத் திருப்பி இன்னோர் அடைவு அமைத்து, தேடும் சொல்லையும் திருப்பினால், முடிவே தொடக்கமாகிவிடும். இத்தகைய ஏற்பாடு தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை ஆகியவற்றோடு, எதுகை தேடுவோருக்கெனத் ‘தொடை’ என்று தனிப் பகுதியே வைத்தார்.

சொல் நடுவில் இருந்தால் ‘டிரைகிராம்’ முறை கைகொடுக்கும். அல்லிநகரம் என்பதை அல்லி, ல்லிந, லிநக, நகர, கரம் என மும்மூன்று எழுத்துகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்தெந்த வரிகளில் வருகிறது என்று குறித்துவைப்பார்கள். (கணிப்பொறி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும்; அதை இங்கே விட்டுவிடுவோம்.) எல்லாத் துண்டுகளும் உள்ள வரிகளை மட்டும் சரிபார்த்தால் போதும். மூன்றெழுத்துக்குக் குறைந்த தேடலுக்கு இது உதவாது. அடைவும் பெருத்துவிடும், புதுப் பதிவு ஏற்றுவதும் தாமதமாகும்.

நம் முதியவருக்கோ இவ்வளவும் தேவையில்லை. ஊர்ப்பெயர்களைத் தனி அட்டவணையில் வைத்து, ஊருக்கோர் எண் கொடுத்து, முகவரியில் அந்த எண்ணை மட்டும் எழுதலாம். 1970-இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளத்தின் இயல்பே அதுதான். சில ஆயிரம் பெயர்களை முழுக்கப் படித்தாலும் கணிப்பொறிக்கு அது கண் சிமிட்டும் நேரம். எண் கிடைத்துவிட்டால் முகவரிகளைப் பி-மரம் எடுத்துத் தரும்.