கோடை இல்லாத ஊரின் வண்ணத்துப்பூச்சிகள்

மலாக்காவில் கோடை கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 2 பாகை வடக்கே இருக்கும் ஊரில் ஆண்டு முழுதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியேதான் இருக்கிறது. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் வண்ணத்துப்பூச்சிப் படம் எடுப்பவர்கள் வசந்தத்தில் கேமராவைத் துடைத்து வெளியே எடுப்பார்கள், இலையுதிர் காலம் வந்ததும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கணக்கு உதவாது. இங்கே பார்க்க வேண்டியது மழையையும் தளிரையும்தான்.

ஆண்டின் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், தோட்டத்துத் தரையில் வெயில் விழும். பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் வேலியோரமும் கொல்லையும் ஒரே வாரத்தில் துளிர்த்துவிடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழுவுக்கு முற்றிய இலை பெரும்பாலும் ஒத்துவராது, தளிர்தான் வேண்டும். அதனால் தளிர் விட்ட பிறகு சுமார் ஒரு மாதத்தில் சிறகுகள் கூடும். நம் ஊர்ப் 'பருவம்' அதுதான். அது ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்பதும் இல்லை.

இந்த மண்ணில் வண்ணத்துப்பூச்சி தேடியவர்களில் பெரிய பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு வந்தபோது அவருக்கு வயது 31. செப்டம்பர் வரை இங்கே தங்கி, வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்பெற்ற ஆயர் பானாஸில் பூச்சிகளைச் சேகரித்தார். பின்னர் அன்று ஓஃபிர் மலை என்று அழைக்கப்பட்ட குனோங் லேடாங்கில் ஏறினார். அப்போது மலாயாவில் பால்மரமே கிடையாது. பிரேசிலிலிருந்து விதைகள் கப்பலேறியது 1876இல். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டது 1896இல். அதன் பிறகுதான் லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசஹான் வரை ரப்பர் பரவியது, நம் தாத்தா பாட்டிகள் வந்து சேர்ந்தார்கள். வாலஸ் நடந்தது அதற்கு முந்திய காட்டில்.

அந்தக் காட்டில் அவருக்கு அகடாசா கலிடோனியா என்ற அரிய பூச்சி ஒன்றே ஒன்று கிடைத்தது. இன்னொன்று இங்கிலாந்துக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்று தம் 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் எழுதியிருக்கிறார். அதுவும் போர்னியோவின் வடமேற்கிலிருந்து போனது. இன்றும் கேமராவோடு காட்டுக்குள் போகிற பலருக்கு இந்த மாதிரி அரிய பூச்சியின் மேல்தான் கண். எனக்கு அதில் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. வாலஸ் உலகத்துக்குச் சொன்ன பெரிய சங்கதிகளில் ஒன்று, லயத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரத்துக்கு வருகிற சாதாரணப் பூச்சியைப் பற்றியது.

பப்பிலியோ பாலிட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தமிழ்நாட்டில் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். ஆண் பூச்சி கறுப்பு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஒரு பட்டையாக ஓடும். பெண் பூச்சி தளிர் இலையில் முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். வெளிவரும் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். குழம்புக்கு இலை பறிக்கிற கை அதை எச்சம் என்று நினைத்து விலகிப் போகும், மைனாவும் அப்படித்தான் ஏமாறுகிறது. நான்கு முறை தோலுரித்த பிறகு அதே புழு பச்சை வேடம் பூண்டு இலையோடு இலையாகிவிடும். இந்த மாற்றத்தை உடலில் ஊறும் 'இளமை ஹார்மோன்' கட்டுப்படுத்துகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றில் காட்டினார்கள். ஹார்மோன் நிறைய இருக்கும்வரை எச்ச வேடம் நீடிக்கும், குறைந்ததும் பச்சை. விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பு ஒன்று துருத்திக்கொண்டு வந்து நாற்றத்தை வீசும். எறும்பை விரட்ட அது போதும்.

மரத்தில் உள்ளது கறிவேப்பிலை அழகியின் புழுதானா, எலுமிச்சை அழகி என்ற வேறோர் இனத்தின் புழுவா என்று தொடக்கத்தில் குழம்பும். இரண்டுக்கும் ஒரே மரம், கிட்டத்தட்ட ஒரே வேடம். கூடு வரை காத்திருந்து, வெளிவரும் பூச்சியைப் பார்ப்பதுதான் சுருக்கமான வழி.

கதையின் கனமான பகுதி பெண் பூச்சியிடம் இருக்கிறது. மலாயாவில் இதன் பெண்கள் இரண்டு உருவத்தில் வருவார்கள். சில பெண்கள் அப்படியே ஆணைப் போல. மற்றவை பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகளுமாக, பார்ப்பதற்கு வேறோர் இனத்தைச் சேர்ந்த ரோஜா அழகி போலவே இருக்கும். ரோஜா அழகியின் புழு ஈசுரமூலிக் குடும்பத்துக் கொடிகளைத் தின்று வளர்வது. அந்தக் கொடியின் நஞ்சு பூச்சியின் உடலில் தங்கிவிடுவதால் ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்தப் பக்கம் வராது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி, அந்தச் சட்டையை மட்டும் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறது.

இப்படி உருவம் மாறிய பெண்களை அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் தனித்தனி இனங்கள் என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள்தான் என்று 1865இல் வெளியான நீண்ட கட்டுரையில் வாலஸ் விளக்கினார். அமேசானுக்கு அவருடன் சேர்ந்து போன ஹென்றி வால்டர் பேட்ஸ், வேடமிடும் பூச்சிகளைப் பற்றி 1862இல் எழுதியிருந்தார். டார்வினின் இயற்கைத் தேர்வுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியாக இருவரின் எழுத்தும் அமைந்தது.

ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டு விதமான மகள்கள் எப்படி வருகிறார்கள்? இதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ பல்கலைக்கழகக் குழுவினரும் 2014இல் 'நேச்சர்' இதழில் அந்த விடையை வெளியிட்டார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை வளர்ச்சியின்போது தீர்மானிக்கும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுதான் வேடத்தையும் தீர்மானிக்கிறது. சிறகின் வடிவத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று எனப் பல மரபணுக்கள் அருகருகே பூட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்வதாகத்தான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். வேடத்துக்கு உரிய வடிவில் அந்த மரபணு இருக்கும் குரோமோசோம் துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதால், மற்ற வடிவத்தோடு அது கலந்து குழம்புவதில்லை.

படம் எடுப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. ரோஜா அழகிக்குத் தலையும் உடம்பும் சிவந்திருக்கும். வேடக்காரிக்குச் சிறகில்தான் சிவப்பு, உடம்பு கறுப்பு. ஆகவே மேலிருந்து சிறகை மட்டும் படம் பிடித்தால் போதாது, பக்கவாட்டில் உடம்பு தெரிகிற மாதிரி ஒன்றாவது எடுத்துவைக்க வேண்டும். சிறகு விரித்த 'அழகான' படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கிழிந்த சிறகில் பறவை அலகின் தடம் இருக்கலாம். இலையில் ஒட்டிய முட்டை, கடித்த தளிர், கூடு தொங்கும் குச்சி, எல்லாமே செய்திதான்.

கோயில் பக்கம் போனால் எருக்கஞ்செடி. பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே எருக்கில், மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழு வெட்ட வெளியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியனின் புழு அது. ஒளிந்துகொள்ள அதற்கு அவசியம் இல்லை, எருக்கம்பாலின் நஞ்சு உடம்பில் இருக்கிறது. இந்தக் குடும்பத்து ஆண் பூச்சிகள் வாடிய தேள்கொடுக்குச் செடியில் மொய்ப்பதைச் சாலையோரத்தில் பார்க்கலாம். அதன் அல்கலாய்டுப் பொருளை உறிஞ்சித்தான் அவை பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. விருந்துக்கு இலை அறுக்கப் போகும்போது சுருட்டு மாதிரி சுருண்ட வாழையிலை தென்பட்டால் பிரித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை மாவு பூசியது போன்ற புழு. செம்பனையும் தென்னையும் தின்று வளரும் பெரிய பழுப்புப் பூச்சி ஒன்று அந்தி மங்கியபின் பறந்து, விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்துப்பூச்சி என்று விளக்குமாற்றை எடுக்க வேண்டாம், அதுவும் வண்ணத்துப்பூச்சிதான்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்கு ஆசிஸ்டேசியா களையை நன்றாகத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். எத்தனை முறை அடித்தாலும் திரும்ப முளைக்கும் அந்தப் பூண்டுதான், கறுஞ்சிறகில் நீலம் சூழ்ந்த வெள்ளைப் பொட்டுகள் மின்னும் ஹைப்போலிம்னாஸ் பொலினாவின் உணவுகளில் ஒன்று. இந்தப் பூச்சிக்குள் வாழும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா ஆண் கருக்களைக் கொன்றுவிடும். சமோவாத் தீவுகளில் 2001இல் நூற்றுக்கு ஓர் ஆண்தான் மிஞ்சியிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அது கிட்டத்தட்ட நாற்பதாக ஏறியது, பாக்டீரியாவை அடக்கும் மரபணு அங்கே பரவியதால். தென்கிழக்காசியப் பூச்சிகளிடம் அந்த எதிர்ப்பு முன்பே இருந்தது. நாம் களை என்று வெட்டித் தள்ளும் செடியில் இவ்வளவு வேகமான பரிணாமக் கதை ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பவர்களுக்கு மலாக்காவில் இடம் குறைவு. ஆயர் கெரோ, சுங்கை ஊடாங் பொழுதுபோக்குக் காடுகள், லேடாங்கின் இந்தப் பக்கத்து அசஹான் அருவி. ஆயர் கெரோவில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் உண்டு, பிள்ளைகளுக்கு முதல் அறிமுகமாக அது நல்லதே. ஆற்றோர ஈரமணலில் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதைக் கண்டால் மெதுவாக முழங்காலிட்டு நெருங்குங்கள், உங்கள் நிழல் அவற்றின் மேல் விழக்கூடாது. அவை பெரும்பாலும் ஆண்கள், தேடுவது உப்பு. இலையில் சோடியம் மிகக் குறைவு. இப்படிச் சேர்த்த சோடியத்தை ஆண் பூச்சி புணர்ச்சியின்போது பெண்ணுக்குக் கொடுக்க, அது முட்டைகளுக்குப் போகிறது என்று அமெரிக்க அந்துப்பூச்சி ஒன்றில் ஸ்மெட்லியும் ஐஸ்னரும் 1996இல் நிரூபித்தார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒளி இதமாக இருக்கும். உச்சி வெயிலில் வெட்டவெளிப் படம் வெளுத்துப்போகும், காட்டுக்குள் எடுத்தாலோ திட்டுத் திட்டாக வரும். விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, முட்டையும் புழுவும் ஓடிப்போவதில்லை, கைப்பேசியே போதும்.

தீபகற்ப மலேசியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு. கார்பெட்டும் பெண்டில்பரியும் 1934இல் எழுதிய நூல் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆயிரத்தையும் தேடி ஓட வேண்டாம், கறிவேப்பிலை அழகி ஒன்றைக் கவனித்தாலே போதும். ஜப்பானின் தென்கோடியில் மியாக்கோ என்று ஒரு தீவு. அங்கே ரோஜா அழகி புதிதாகக் குடியேறியது. பிறகு கறிவேப்பிலை அழகிகளில் வேடமிட்ட பெண்களின் பங்கு ஏறியது. காரணம் எளிது. உண்மையான நஞ்சுப் பூச்சி அருகில் இருந்தால்தான் பறவை பயப்படும், வேடத்துக்கு மதிப்பு இருக்கும். ரோஜா அழகி குறைவான இடத்தில் ஆணைப் போன்ற பெண்ணுக்கே வாழ்வு.

அப்படியானால் அசஹான் மலையடிவாரத்துக் கொல்லைகளுக்கும் மலாக்கா நகரத்து அடுக்குவீட்டு மாடித் தொட்டிகளுக்கும் வருகிற பெண்களில் வித்தியாசம் இருக்குமா? ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு நோட்டுப் புத்தகம், தேதி, வந்தது எந்த உருவப் பெண், பக்கவாட்டில் ஒரு படம், அருகில் ரோஜா அழகி தென்பட்டதா இல்லையா. ஜாசினில் ஒரு வீடும் மெர்லிமாவில் ஒரு வீடும் டுரியான் துங்கல் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பும் ஒரே ஆண்டில் இதைக் குறித்து வைத்தால், ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான பட்டியல் கையில் இருக்கும்.