குதிரை நிற்கும் இடம்

வயலினைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: அதன் முகப்பலகையின்மேல் நிற்கும் குதிரை பசையாலோ ஆணியாலோ பொருத்தப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தம் ஒன்றையே நம்பி நிற்பது. இந்த சாஸ்திரத்தைக் கிட்டாருக்கும் மாண்டலினுக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன என்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ என்னும் ஊரில், ஆர்வில் கிப்ஸன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எண்ணத் தலைப்பட்டதன் பயனே, ஜாஸ் சங்கீதக்காரர்கள் 'ஆர்ச்டாப்' என்றழைக்கும் வளைமுகக் கிட்டார். சாதாரணக் கிட்டாரின் முகம் தட்டைப் பலகை; இதன் முகமோ, கனத்த ஸ்ப்ரூஸ் மரத்தை நடுவில் மேடிட்டு ஓரத்தில் தாழும்படி செதுக்கியெடுத்தது. 1922இல் கிப்ஸன் கம்பெனியில் லாயிட் லோர் உருவாக்கிய 'எல்-5', நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக வயலினுக்குரிய இரண்டு 'எஃப்' துளைகளுடன் வெளிவந்து, எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் நடன வாத்தியக் கோஷ்டியில் அதுவரை பாஞ்ஜோ வகித்த ஸ்தானத்தை நாளடைவில் பிடித்துக்கொண்டது.

இன்று பழைய ஆர்ச்டாப் ஒன்றை வாங்க விரும்புபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது செதுக்கியதா, ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்ததா என்பது. ஒட்டுப்பலகை என்றதும் இகழ்ச்சியாக எண்ணிவிட வேண்டாம். 1949இல் வந்த 'ஈ.எஸ்-175' அத்தகையதே, மின்பெருக்கியுடன் வாசிக்கையில் செதுக்கிய முகத்தைவிடக் குறைவாக ஊளையிடும் அந்தக் கருவியைத்தான் ஜோ பாஸ் போன்ற மேதை நெடுங்காலம் கையாண்டார். ஆனால் ஒன்றின் கிரயத்தை மற்றொன்றுக்குக் கொடுத்து ஏமாறலாகாது.

அடுத்தபடியாகப் பார்க்கவேண்டிய இடம், பளபளப்பும் முத்துச்சிப்பி வேலைப்பாடும் அல்ல. குதிரை நிற்கும் இடம். கருவியைக் கண்மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்து நோக்கினால், பல்லாண்டுத் தந்தியழுத்தத்தால் முகப்பலகை அங்கே அமுங்கியிருக்கிறதா என்பது தெரியும். பலகையை விரல்முட்டியால் மெல்லத் தட்டுகையில் கிரகிரவென்று ஓர் அபசுரம் எழுந்தால், உள்ளே ஒட்டிய தாங்குசட்டம் விட்டுப்போயிருக்கலாம். இவற்றைவிடச் செலவு வைப்பது கழுத்தின் கோணம். தந்திகள் மெட்டுக்களுக்குமேல் உயர்ந்து நிற்பது மட்டும் குற்றமாகாது. கவுண்ட் பேஸியின் கோஷ்டியில் 1937 முதல் 1987இல் காலமாகும்வரை தாளக் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன், ஒலி ஓங்கவேண்டும் என்பதற்காகவே தந்திகளை மிக உயர்த்தி வைத்திருந்தவர். குதிரையின் திருகுச் சக்கரங்களை அடிமட்டம் வரையில் இறக்கிய பின்னும் தந்திகள் தாழவில்லையானால்தான், கழுத்து முன்னோக்கி எழும்பிவிட்டது என்று பொருள். அதனைக் கழற்றித் திரும்ப ஒட்டும் கூலியை விலையில் கழித்துக்கொண்டே பேசவேண்டும். கழுத்தினுள் ஓடும் எஃகுக் கம்பி திருகினால் அசைகிறதா என்பதையும் விற்பவர் முன்னிலையிலேயே பரீட்சித்துவிடுவது நலம்.

பழைய ஆர்ச்டாப்களுக்கே உரிய விசித்திர வியாதி ஒன்றுண்டு. விரலுராய்வைத் தடுக்கப் பொருத்திய செல்லுலாய்டுத் தகடு வயதேறி நொறுங்கத் தொடங்குகையில் அமில ஆவியைக் கக்கி, அருகிலுள்ள பொன்முலாம் பூசிய உலோகங்களையும் ஓரப்பட்டையையும் அரித்துவிடும். அத்தகைய தகட்டைக் கழற்றித் தனியே வைப்பதே உத்தமம்.

மெருகைப் பற்றிய அபிப்பிராயத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். பழைய அரக்குப் பூச்சில் மயிரிழைபோல் ஓடும் வெடிப்புகள் வயதின் அடையாளமேயன்றி ஊனமல்ல. அவற்றை அழகின்மை என்று கருதிச் சுரண்டி, புதுப்பூச்சுப் பூசிய கருவிக்கோ சேகரிப்போர் பாதி மதிப்பே தருவது வழக்கம். ஆகையால் விற்க நினைப்பவர் எதையும் புதுப்பிக்காமல் இருப்பதே லாபம். மாற்றிய பிரடைகளையும் அடைத்த பிளவுகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது அதைவிட லாபம், ஏனெனில் 'எஃப்' துளை வழியே சிறு கண்ணாடியை நுழைத்துப் பார்ப்பவனிடம் எதுவும் ஒளியாது. 1964இல் மறைந்த நியூயார்க் சிற்பி ஜான் டாஞ்ஜெலிகோ தம் கிட்டார்களை எண்ணிட்டுக் கணக்கேட்டில் பதிந்து வைத்ததால், அவர் கைப்பட்ட கருவியின் பூர்வோத்தரத்தை எண்ணைக் கொண்டே விசாரிக்கலாம். அயல்நாட்டுக்கு விற்பதானால் இன்னொரு ஜாக்கிரதை: பிரேசில் ஈட்டிமரம் 1992 முதல் சர்வதேசத் தடையின் உச்சப் பட்டியலில் இருப்பதால், விரற்பலகை அம்மரமாயின் அனுமதிப் பத்திரமின்றி எல்லை தாண்டாது.

வாங்கியபின் பராமரிப்பதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 50 வரையில் நிற்கும் அறையே இதற்கு உகந்தது. தந்திகளை ஒரே சமயத்தில் எல்லாம் கழற்றினால் குதிரை தன் இடத்தைவிட்டு நகர்ந்து சுருதி கெடுமாதலால், ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டுவதே முறை. நகர்ந்தே விட்டதானால், 12ஆம் மெட்டில் விரலை மேலாகத் தொட்டெழுப்பும் நாதமும் அழுத்தி எழுப்பும் நாதமும் ஒன்றாகும்வரை குதிரையை மெல்லத் தள்ளி நிறுத்தவேண்டும்.

குளிர்காலத்தில் தூரதேசத்திலிருந்து வந்து சேர்ந்த பெட்டியை உடனே திறந்துவிடாதீர்கள். சில்லிட்ட அரக்கு, வெப்பமான அறைக்காற்று பட்டதும் வெடிக்கும். அன்றிரவு மூடியபடியே இருக்கட்டும், மறுநாள் திறந்துகொள்ளலாம்.