சுவரில் ஒரு மஞ்சள் கோடு!

லண்டனில் ஒரு பெரிய வங்கி. இரவில் யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஆனால், ஒரு காசுகூடத் திருடு போகவில்லை! சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரியவரின் ஓவியத்தில், கண்களை மறைத்தாற்போல மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. பக்கத்தில் புரியாத ஒரு குறி. அவ்வளவுதான்.

'ஏதோ குறும்புக்காரப் பையன் வேலை' என்றுதானே நினைப்பீர்கள்? ஷெர்லாக் ஹோம்ஸ் அப்படி நினைக்கவில்லை.

ஆர்தர் கானன் டாயில் படைத்த இந்தத் துப்பறியும் நிபுணரை, இக்கால லண்டனுக்குக் கொண்டுவந்து, கையில் செல்போனும் கொடுத்து, பி.பி.சி. தொலைக்காட்சி 2010-ம் ஆண்டு 'ஷெர்லாக்' என்ற தொடரைத் தொடங்கியது. 2017 வரை 13 பகுதிகள் வெளிவந்தன. ஷெர்லாக்காக நடித்தவர் பெனடிக்ட் கம்பர்பாட்ச். (சில காட்சிகள் பயமாக இருக்கும். பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள்!)

மஞ்சள் கோட்டுக்கு வருவோம். 'இது என்ன?' என்று ஷெர்லாக் முதலில் கேட்கவில்லை. 'இது யாருக்காக?' என்று பார்த்தார். அலுவலகத்தில் தூண்களுக்குப் பின்னாலும் மேஜைகளுக்கு இடையிலும் குனிந்து நிமிர்ந்து நடந்தார். ஒரே ஓர் இடத்திலிருந்துதான் அந்தக் குறி நன்றாகத் தெரிந்தது. அங்கே வேலை பார்த்தவரைத் தேடிப் போனால், அவர் வீட்டில் இறந்து கிடக்கிறார்! அதே குறியைப் பார்த்த ஒரு பத்திரிகையாளரும் இறந்துபோகிறார்.

அந்தக் குறி, சீன வணிகர்கள் கணக்கு எழுதப் பயன்படுத்திய பழைய எண்களில் ஒன்று. அதில் 1, 2, 3 ஆகியவற்றை நிமிர்ந்த கோடுகளாகவும் எழுதலாம். படுத்த கோடுகளாகவும் எழுதலாம். சுவரில் இருந்தது 15. கண்களை மறைத்த கோடு 1.

சரி, 15-ம் 1-ம் யாரையாவது பயமுறுத்துமா? அதற்கு ஒரு புத்தகம் வேண்டும். 15-ம் பக்கம், முதல் சொல்! அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே புத்தகம் இருந்தால் போதும், எந்தச் செய்தியையும் எண்களாலேயே எழுதிவிடலாம். புத்தகம் எது என்று தெரியாதவருக்கு வெறும் எண்கள்தான். நண்பரோடு சேர்ந்து உங்கள் பாடப்புத்தகத்தில் செய்து பாருங்களேன். (வகுப்பு நடக்கும்போது வேண்டாம்!)

இறந்த இருவர் வீட்டுப் புத்தகங்களையும் குவித்து வைத்துக்கொண்டு, இரண்டு குவியலிலும் இருப்பது எது என்று ஷெர்லாக் தேடுகிறார். கடைசியில் அது லண்டன்வாசிகள் பலரும் வைத்திருந்த தெருக்களின் வரைபடப் புத்தகம்! 15-ம் பக்க முதல் சொல் 'டெட்மேன்'. அதாவது, 'நீ செத்தாய்' என்ற மிரட்டல்.

டாயிலும் இப்படி ஒரு கதை எழுதியிருக்கிறார். 1903-ல் வந்த அதில், ஆடும் மனித பொம்மைகள்தான் எழுத்துகள். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து 'ஈ' என்பதால், அதிகம் வரும் பொம்மை 'ஈ' ஆக இருக்கும் என்று ஹோம்ஸ் தொடங்குகிறார். முழுவதையும் படித்துவிட்டு ஓடுகிறார். அதற்குள், உதவி கேட்டு வந்தவர் சுடப்பட்டு இறந்துவிட்டார். புத்திசாலித்தனம் இருந்தும் நேரம் இல்லை, பாவம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ராஹே' புதிர். 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில் இந்தச் சொல் சுவரில் ரத்தத்தால் எழுதப்பட்டிருக்கும். 'ரேச்சல் என்ற பெயரை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள்' என்பார் போலீஸ்காரர். 'இல்லை, ஜெர்மன் மொழியில் பழி என்று பொருள்' என்பார் ஹோம்ஸ். உண்மையில், போலீஸைக் குழப்பக் கொலைகாரனே எழுதியது அது.

தொடரின் முதல் பகுதியில் இதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்கள்! இறக்கும் தறுவாயில் ஒரு பெண் தரையில் நகத்தால் கீறிய சொல் அது. 'பழி' என்று போலீஸ் தரப்பு நிபுணர் சொல்ல, ஷெர்லாக் அவர் முகத்திலேயே கதவைச் சாத்துகிறார். அது ரேச்சல்தான். ஆனால், யார் அந்த ரேச்சல்? அந்தப் பெண்ணின் குழந்தை, பிறக்கும்போதே இறந்துவிட்டது. அந்தப் பெயர்தான் அவருடைய போன் கணக்கின் ரகசியச் சொல்!

அந்தப் பெண் தன் போனைக் கொலைகாரனின் வண்டியில் வேண்டுமென்றே விட்டிருந்தார். ரகசியச் சொல்லைக் கணினியில் தட்டி, போன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்... பேக்கர் தெரு, 221 பி. ஷெர்லாக்கின் சொந்த வீடு! வாசலில் ஒரு டாக்சி நின்றுகொண்டிருந்தது.