பன்னிரண்டு பந்துக்குப் பதினெட்டுக் கோடி!

எங்கள் போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்று சொன்னால் வெளியூர்க்காரர் கொஞ்சம் முழிப்பார். மலையில் விளைவதும் ஏலம். அதைக் கொண்டுவந்து விற்பதும் ஏலம். ஸ்பைசஸ் போர்டின் ஈ-ஏல மையம் இங்கே ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில் ஒன்று. வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டுவார். நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். அப்புறம்தான் விலை. எட்டு மில்லி காய்க்கு ஒரு ரேட், அதற்குக் கீழே என்றால் வேறு ரேட். சரக்கு கண் முன்னால் இருக்கிறது. ஏமாற வழி குறைவு.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கே 2025 டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலம் தலையைச் சுற்ற வைத்துவிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் கழற்றிவிட்ட இலங்கைக்காரர் மதீஷ பதிரனாவை, கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடி கொடுத்து அள்ளிக்கொண்டு போனது.

ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன் (லெட்ஜருக்கு நடுவே வைத்துத்தான்). லீக் ஆட்டம் 14. இந்த மாதிரி ஆளை வாங்குவதே கடைசி நாலு ஓவரில் இரண்டைப் போடத்தான். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பந்து. மொத்தம் 168. ஆக, ஒரு பந்துக்குப் பத்து லட்சத்து எழுபதாயிரம் சொச்சம்! வைடு போட்டால் அது இலவச இணைப்பு.

அந்த வாரம் ஒரு வேலையாகப் போடிமெட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் முன் சீட். கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பிக்கொண்டே டிரைவர் தம்பி ஆரம்பித்தார்.

"என்னண்ணே, நம்மாளு பதிரனாவை விட்டுட்டாய்ங்களே!"

"விலை அதிகம்னு நினைச்சிருப்பாங்க தம்பி."

"போன சீசன்ல பதிமூணு கோடி குடுத்தாய்ங்க. பதிமூணு விக்கெட் எடுத்தான். விக்கெட்டுக்கு ஒரு கோடி. எஸ்டேட்ல கூலி போடுறதைவிட கறாரா இருக்குல்ல?"

சிரித்துவிட்டேன். கணக்கு சரிதான். அந்த 2025 சீசனில் சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனதும் நிஜம்தான். ஆனால் இந்த ஆசாமிகளை விக்கெட் எண்ணிக்கையில் அளக்க முடியாது சார். முதல் பத்து ஓவரில் மூன்று விக்கெட் எடுக்கிறவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டும், பந்து பனியில் நனைந்து சோப்பு மாதிரி வழுக்குகிறது, எதிரே ஒரு முரடன் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் பந்தை வாங்க எத்தனை பேர் கை நீட்டுவார்கள்? பாதி டீம் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடும். யார்க்கரை அவன் கால் கட்டைவிரலில் இறக்க வேண்டும். ஒரு முழம் முன்னே விழுந்தால் சிக்ஸர். விழவே விழாமல் ஃபுல்டாஸ் ஆனாலும் சிக்ஸர்.

அமெரிக்காவில் பேஸ்பாலில் இதற்கென்றே ஒரு உத்தியோகம் இருக்கிறது. பெயர் குளோஸர். எட்டு இன்னிங்ஸ் வரை ஆசாமி ஓரமாக உட்கார்ந்திருப்பார். அப்படிக் காத்திருக்கும் பவுலர்களின் இடத்துக்குப் பெயர் புல்பென், காளைப் பட்டி! நம்மூர்க் கணக்கில் வாடிவாசல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது இன்னிங்ஸில், தன் டீம் ஒன்றிரண்டு ரன் முன்னால் இருக்கும்போது, கதவைத் திறந்துவிடுவார்கள். வந்து முடித்துக் கொடுத்தால் அவர் பெயரில் ஒரு 'சேவ்'. பனாமா மீனவர் வீட்டுப் பிள்ளை மரியானோ ரிவேரா, நியூயார்க் யாங்கீஸுக்காக 652 சேவ் எடுத்தவர். 2019-ல் ஓட்டுப் போட்ட நிருபர்களில் ஒருவர்கூட எதிர்க்காமல் 'ஹால் ஆஃப் ஃபேம்' போன முதல் மனிதர்.

அபுதாபி ஏலம் நடந்த அதே டிசம்பரில்தான் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், எட்வின் டியாஸ் என்ற குளோஸரை மூன்று வருஷத்துக்கு 69 மில்லியன் டாலருக்கு வளைத்துப் போட்டது. நம் காசில் வருஷத்துக்குச் சுமார் 200 கோடி! இத்தனைக்கும் டாட்ஜர்ஸ் ஜெயித்த டீம். 2024, 2025 இரண்டு வருஷமும் சாம்பியன். பிறகு ஏன்? அதற்கு முந்தைய ஜனவரியில் டேனர் ஸ்காட் என்பவரை நாலு வருஷத்துக்கு 72 மில்லியன் பேசி எடுத்தார்கள். 2025-ல் கையில் இருந்த ஆட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் பத்து முறை கோட்டைவிட்டார். அதுதான் இன்னொருவர்! டியாஸ் மட்டும் லேசுப்பட்டவரா? 2023 மார்ச்சில் நாட்டுக்காக ஆடி ஜெயித்த சந்தோஷத்தில் குதித்து, முழங்கால் நரம்பைக் கிழித்துக்கொண்டு, அந்த சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்தவர்.

சரி, நம் சேப்பாக்கத்துக்கு வருவோம். 2023 மே 23, குஜராத்துடன் குவாலிஃபையர். பதிரனா ஓவர் போட வருகிறார். அம்பயர் தடுக்கிறார்: ஒன்பது நிமிஷம் மைதானத்தில் இல்லை, அத்தனை நேரம் உள்ளே நின்ற பிறகுதான் போடலாம். வேறு கேப்டனாக இருந்தால் இன்னொருவரிடம் பந்தை எறிந்திருப்பார். தோனி என்ன செய்தார்? அம்பயர்களிடம் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார்... நாலு நிமிஷம் போனது. பாக்கி நேரமும் தீர்ந்தது. பதிரனா போட்டார்! நியாயமா என்று கேட்டால், எனக்கு அது கொஞ்சம் போங்காட்டம்தான். ஆனால் நாலு நிமிஷம் ஆட்டத்தையே நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறார் என்றால், அந்த ஆளின் மதிப்பு என்ன என்று பாருங்கள். சென்னை 15 ரன்னில் ஜெயித்தது, கோப்பையையும் தூக்கியது.

அந்த வருஷம் 19 விக்கெட் எடுத்த பதிரனா வந்த விலை தெரியுமா? 20 லட்சம்! 2022-ல் ஆடம் மில்னே காயமானபோது மாற்றாகப் பிடித்துப்போட்ட 19 வயதுப் பையன். சென்னைக்குப் பல வருஷம் கடைசி ஓவர்களைக் கட்டி இழுத்த டுவைன் பிராவோ, 2023-ல் பவுலிங் கோச்சாக இருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். 2024-ல் பிராவோ கொல்கத்தாவுக்கு மென்டராகப் போய்விட்டார். வாத்தியார் போன பள்ளிக்கூடத்துக்கே அடுத்த வருஷம் பையனும் போனான், ஃபீஸ் 18 கோடி.

20 லட்சத்தில் கிடைத்த தைரியம் 13 கோடியில் ஏன் கொஞ்சம் தடுமாறியது? எட்டு மில்லி காய்க்கு அடுத்த வருஷமும் அதே விலை கிடைக்கும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ ஏழாயிரம் தொட்ட ஏலக்காய், இரண்டே வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இதையெல்லாம் ஜீப் தம்பியிடம் சொன்னேன். "அப்ப மலிங்கா?" என்றார். மடக்கிவிட்டார்.

2019 மே 12, ஹைதராபாத் ஃபைனல். மும்பையின் லசித் மலிங்கா பதினாறாவது ஓவரில் சென்னைக்கு 20 ரன் கொடுத்தார். அன்று அடி வாங்கிய பவுலர் அவர். கடைசி ஓவரில் சென்னைக்கு வேண்டியது ஒன்பதே ரன். ரோஹித் சர்மா பந்தை அவரிடமே கொடுத்தார். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். மெதுவாக ஒரு யார்க்கர், ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. ஒரு ரன்னில் கோப்பை போனது. போடியில் அன்றைக்கு எத்தனை வீட்டில் ராச்சாப்பாடு மிஞ்சியதோ! அடி வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாமல் அதை மறந்துவிட்டு வந்து நிற்கிற அந்த மறதிக்குத்தான் விலை. ரிவேராவே 2001 உலக சீரிஸின் கடைசி ஆட்டத்தைக் கோட்டைவிட்டவர்தான். அதற்குப் பிறகும் பன்னிரண்டு சீசன் அதே வேலைக்கு வந்தார்.

இதற்கு வெளிநாட்டு ஆள்தான் வேண்டும் என்றில்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். 2017-ல் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது. மறு வருஷம் ஹைதராபாத்தில் விலை 40 லட்சம். 2020 எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தார். 2025-ல் டெல்லி 10.75 கோடி கொடுத்தது, ஆடக் கிடைத்தது இரண்டே ஆட்டம். இடையில் 2023-ல் சொந்த ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்துவிட்டார்.

போடிமெட்டில் இறங்கியபோது மஞ்சு மூடியிருந்தது. டீக்கடைக்குப் பின்னால் நாலைந்து பையன்கள். ஸ்டம்புக்கு ஒரு பழைய பெயின்ட் டப்பா. பந்து அடிக்கடி சரிவில் உருண்டு ஏலத்தோட்டத்துக்குள் போய்விடுமாம். "அதனால ஓவர் த வால் அடிச்சா அவுட்டுண்ணே, பந்தும் நீங்கதான் எடுக்கணும்" என்றான் ஒருவன். டப்பாவின் அடிப்பக்கம் மட்டும் நசுங்கிப் போயிருந்தது.