சூலகப் புற்றுநோயும் உடம்பின் காவற்காரரும்



சென்ற நோன்புப் பெருநாள் லீவுக்கு நாம் கல்முனைப் பக்கம், சொந்த ஊரான மருதமுனைக்குப் போயிருந்தோம். கைத்தறியில் சாரன் நெய்து பிள்ளைகளை ஆளாக்கிய நம் மாமி படுக்கையில் கிடந்தார். "வயிறு ஊதிக்கிட்டு வந்திச்சு மகன். ரெண்டு வாய் திண்டா நெறஞ்சு போகும். காத்துத்தான் எண்டு நினைச்சன்" என்றார். ஓமத் தண்ணீரும் கேஸ்ட்ரிக் குளிசையுமாக ஐந்து மாதம் போய்விட்டது. பிறகுதான் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்து, மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சூலகப் புற்றுநோய்.

வீட்டில் அதோடு இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டாரில் இருக்கும் மகன், "நோய் எதிர்ப்பு ஊசி ஒண்டு வந்திருக்காம், வயலை விப்பம்" என்று சொல்லியிருந்தார். அரை ஏக்கர் வயல்தான் அந்தக் குடும்பத்தின் சோறு. அந்த ஊசி என்ன, யாருக்கு என்று கேட்டும் வாசித்தும் அறிந்ததை எழுதுகிறோம். நாளைக்கு லயத்திலும் இந்தக் கேள்வி வரலாம்.

சூலகங்கள் கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ள சிறிய உறுப்புகள். அங்கே வரும் புற்றுக் கலங்கள் உதிர்ந்து, வயிற்றுக்குள் ஊறும் நீரில் மிதந்து, குடலை மூடியிருக்கும் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மாமியின் வயிறு ஊதியது அந்த நீரால்தான்.

நம் இரத்தத்தில் வெண்குழியங்கள் இருக்கின்றன. மலையில் சுற்றும் வாச்சர்மார் போல. அவற்றில் டி கலங்கள் என்பவை கெட்ட கலத்தை அடையாளம் கண்டு கொல்லும். 2003இல் அமெரிக்காவில் 186 பெண்களின் சூலகக் கட்டிகளைச் சோதித்தார்கள். கட்டிக்குள் டி கலங்கள் நுழைந்திருந்தவர்களில் 100க்கு 38 பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிருடன் இருந்தார்கள். நுழையாதவர்களில் 100க்கு 5 பேர் கூட இல்லை. வாச்சர் உள்ளே போனாரா, வேலிக்கு வெளியே நின்றாரா என்பதில் அவ்வளவு வித்தியாசம்.

அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் உள்ளே போவதில்லை? கள்ளன் வாச்சரையே கைக்குள் போட்டுக்கொள்கிறான். கிருமியை விழுங்க வேண்டிய பெரிய விழுங்கிக் கலங்கள், புற்றின் பக்கம் சேர்ந்து அது வளர உதவுகின்றன. 2004இல் வெளியான இன்னொரு ஆய்வு, புற்றுக் கலமும் இந்த விழுங்கிகளும் சேர்ந்து ஒரு பொருளைச் சுரந்து, "போதும், அடிக்காதே" என்று மற்ற வாச்சர்மாரைத் தடுக்கும் ஒருவகை டி கலங்களைக் கூப்பிடுகின்றன என்று காட்டியது. அந்தக் கலங்கள் கூடினால் நோயாளியின் ஆயுள் குறைகிறது. (கங்காணியே கள்ளனுக்கு டோர்ச் பிடித்தால் என்ன செய்வது!)

டி கலங்களில் பிரேக் மாதிரி ஒன்று உண்டு. அதைப் புற்றுநோய் அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடியை விடுவிப்பதே மகன் சொன்ன ஊசி. இதற்கு வழி கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியர் தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிலவகைத் தோல், சுவாசப்பைப் புற்றுநோய்களில் அது நன்றாக வேலை செய்தது. சூலகத்தில் அப்படியில்லை. அதே 2018இல் இரண்டு பெரிய பரிசோதனைகள் பலன் தரவில்லை. 2025இல்தான், வழமையான பிளாட்டினம் மருந்துக்கு மசியாமல் திரும்பி வந்த நோய்க்கு, பெம்புரோலிசுமாப் என்ற ஊசியை வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்ததில் ஆயுள் கொஞ்சம் நீண்டதாக அறிவித்தார்கள். அதுவும் கட்டியில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் உள்ளவர்களுக்குச் சுமார் 14 மாதம் என்பது 18 மாதமானது. நாலு மாதம் சிறிதல்ல. ஆனால் 'சுகமாகும்' என்று மகனுக்கு யாரோ சொன்னது சரியில்லை. பிரேக் விட்ட வாச்சர் வீட்டுக்காரரையும் அடிப்பதுண்டு. குடல், சுவாசப்பை, தைரொயிட் எல்லாம் பாதிக்கப்படலாம். விழுங்கிக் கலங்களைத் திருப்பி நம் பக்கம் எடுக்கும் மருந்துகள் இன்னும் பரிசோதனையில் இருக்கின்றன.

மாமிக்கு முதலில் வேண்டியது சத்திரசிகிச்சையும் பிளாட்டினம் சேர்ந்த மருந்தேற்றலும். அரசாங்க வைத்தியசாலையில் அவற்றுக்குக் காசில்லை. வைத்தியரே இதைச் சொன்ன பிறகுதான் மகன் அடங்கினார். வயல் இருக்கிறது. மூன்று முறை மருந்தேற்றியாகிவிட்டது, முடி கொட்டிவிட்டது. "சோறு இறங்குது மகன்" என்று போன வாரம் போனில் சொன்னார்.

எம்.ஓ.எச். காரியாலயத்து வெல் வுமன் கிளினிக்கில் பாப் சோதனை செய்தோமே, பயமில்லை என்று சில அக்காமார் நினைக்கிறார்கள். அது கர்ப்பப்பைக் கழுத்துக்கானது. அவசியம் செய்யுங்கள், ஆனால் சூலகத்தை அது காட்டாது. முன்பு இல்லாத வயிற்று ஊதல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைவது, அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் போவது, இவை இரண்டு மூன்று வாரமாகியும் விடாவிட்டால் டிஸ்பென்சரிக் குளிசையோடு நிற்காமல் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களும், தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ மார்பு அல்லது சூலகப் புற்றுநோய் உள்ளவர்களும் இன்னும் கவனம். ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

பேர் போகும் என்று கிளினிக் நாளைத் தள்ளிப் போடுகிறவர்கள், கிளினிக் துண்டை நம்மிடம் கொண்டு வாருங்கள். துரையிடம் நாம் பேசுகிறோம்.