அச்சுக்கேற்ற கண்ணாடி

விநாயக சதுர்த்தி வந்துவிட்டால், கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் கொழுக்கட்டை அச்சு வெளியே வருகிறது. மாவு இறுகியிருந்தால் அச்சின் நுண்ணிய வரிகளில் படியாது. தளர்ந்திருந்தாலோ அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். பதம் அறிந்த கைக்கே அது முழுமையாகக் கழன்று வரும். காமிராவுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் வேண்டிய லென்ஸுகளை அச்சில் அழுத்திச் செய்யும் தொழிலிலும் சிக்கல் இதுவேயாகும்.

கண்ணாடியை அச்சில் அழுத்துவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். லென்ஸைச் சாணை பிடித்து மெருகிடுவதே தொன்றுதொட்டு வந்த முறை. அம்முறையில் எளிதில் அமைவது கோள வடிவமே. ஆனால் கோள வடிவ லென்ஸில் ஒரு குறையுண்டு. அதன் ஓரத்தில் புகும் ஒளிக்கதிர்களும் நடுவில் புகும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. ஆகவே உருவம் மங்குகிறது. இக்குறையைப் போக்கப் பல லென்ஸுகளை அடுக்க வேண்டியுள்ளது. வளைவு சிறிது சிறிதாக மாறிச் செல்லும் கோளமல்லாத லென்ஸ் ஒன்றே அவற்றுள் இரண்டு மூன்றின் வேலையைச் செய்துவிடும். அத்தகைய வளைவை ஒவ்வொரு லென்ஸிலும் தனித்தனியே கடைந்தெடுப்பது பெரும் செலவு. அச்சில் ஒருமுறை செதுக்கிவிட்டால், அதே வடிவம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். 1982-இல் வெளிவந்த கோடக் டிஸ்க் காமிராவில் இத்தகைய கண்ணாடி லென்ஸ் இடம் பெற்றிருந்தது.

அச்சு பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினப் பொருளால் ஆனது. அதன் முகத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பிழையே பொறுக்கத் தக்கது. மிக்க விலை கொடுத்துச் செய்த அந்த அச்சு, கடும் வெப்பத்தில் காற்றுப் பட்டால் கெடும். கண்ணாடியும் அதில் ஒட்டும். இதனால் அச்சின்மேல் மெல்லிய காப்புப் பூச்சு இட்டு, நைட்ரஜன் சூழலிலோ வெற்றிடத்திலோ அழுத்துகிறார்கள். இத்தனை செய்தும், வெப்பம் ஏற ஏற அச்சின் ஆயுள் குறைகிறது.

ஆகவே, குறைந்த வெப்பத்திலேயே இளகும் கண்ணாடி தேவைப்படுகிறது. பலரும் அறிந்த பிகே-7 என்னும் கண்ணாடி 557 டிகிரி சென்டிகிரேடில்தான் தன் இறுக்கத்தை விடத் தொடங்கும். அழுத்துவதற்கோ இன்னும் சூடேற்ற வேண்டும். அச்சுக்கென வகுத்த கண்ணாடிகளில் இந்த எல்லை பொதுவாக 550 டிகிரிக்குக் கீழே அமைகிறது.

கண்ணாடியில் அணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. லிதியம் போன்ற கார உலோகங்களின் ஆக்ஸைடைச் சேர்த்தால் அந்தப் பின்னல் நெகிழ்ந்து, இளகும் வெப்பம் தாழ்கிறது. அளவு மீறினாலோ, கண்ணாடி படிகமாகி ஒளி மங்கும்; ஈரத்தில் அரிக்கப்படும். முன்னாளில் ஈயம் இவ்வேலைக்கு உதவியது. அதன் நச்சுத்தன்மை கருதி இப்போது பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். அச்சுக்கு இணங்க வேண்டும், ஒளிக்குத் தெளிவாக இருக்க வேண்டும், காலத்துக்கும் நிலைக்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெறுவதே கண்ணாடி வல்லுநரின் திறமை.

ஆற வைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அச்சில் விரைந்து ஆறும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றே குறைகிறது. மாற்றம் மூன்றாம் தசம இடத்தில்தான்; எனினும் நுண்கருவிக்கு அதுவே பெரும் பிழை. ஆதலால் லென்ஸ் வடிவமைப்பாளர் அக்குறைவை முன்கூட்டியே கணக்கில் கொள்கிறார்.

இத்தகைய கலவை நுட்பங்களை எந்த நாடும் எளிதில் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் ஆத்மாராம் தலைமையில் நம் அறிஞர்கள் ஒளியியல் கண்ணாடி உருக்கும் முறையைத் தாமே முயன்று கண்டனர். 1959-இல் அவருக்குப் பட்நாகர் பரிசு வழங்கப்பெற்றது. அன்று உருவான கண்ணாடி சாணைக்கு உரியது. அச்சுக்குரிய கண்ணாடிக்குக் கலவையை வேறாக வகுக்க வேண்டும். ஆயினும் உலை முன் நின்று, உருகிப் பார்த்து, பிழை திருத்திப் பதம் காணும் உழைப்பு இரண்டிற்கும் பொதுவானதே. அச்சை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பதத்தை நாமே பழகித்தான் பெற வேண்டும்.